கையில குடு

விழுப்புரத்தில் இனியவன் தோற்பதற்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. அதில் ஆறு நிமிஷம் எதிராளி ஷூ லேஸ் கட்டியது.

ஆறு–பூஜ்யம், ஆறு–பூஜ்யம். கல்லூரிகளுக்கு இடையேயான மண்டலப் போட்டி, டென்னிஸ், ஆண்கள் ஒற்றையர், முதல் சுற்று. தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்து நெட்டுக்குப் பக்கத்தில் கை குலுக்கும்போது எதிராளி கோகுலகிருஷ்ணன் முகமெல்லாம் மலர்ந்து ஒன்று சொன்னான்.

"ரொம்ப தேங்க்ஸ் ப்ரோ. ரெண்டு வாரமா ஃபோர்ஹேண்ட் செட் ஆவாமலே இருந்துது. நல்லா பிராக்டிஸ் குடுத்தீங்க."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் கிண்டல் பண்ணவில்லை. மனசாரச் சொன்னான். ஓட்டலில் சாம்பார் ஊற்றினவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, சுத்தமான நன்றி. இனியவனுக்குக் காதிலிருந்து கழுத்து வரைக்கும் எரிந்தது.

திண்டிவனத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விக்கிரவாண்டி வரைக்கும் அவன் ராக்கெட் பிடியில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டில் சங்கவி. அதே கல்லூரி, பெண்கள் பிரிவில் ஆடுபவள், இரண்டாவது சுற்றில் சண்டை போட்டுத் தோற்றவள். முன் சீட்டில் உடற்கல்வி இயக்குநர் முருகையன். அணியை அழைத்துப் போனவர் என்ற முறையில் மத்தியானம் அணியின் பிரியாணியை மேற்பார்வை பார்த்துவிட்டு இப்போது வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"டேய், நீ தோக்கல" என்றாள் சங்கவி.

"வாய மூடு."

"நெஜமாத்தான் சொல்றேன். தோக்கணும்னா ஆடணும்ல? நீ பரிமாறிக்கினு இருந்தே. எலையில வைக்கிற மாதிரி. இன்னொரு ஃபோர்ஹேண்ட் வைக்கட்டுங்களா, இன்னொண்ணு வைக்கட்டுங்களான்னு. அவனும் போதும் போதும்னு சொல்லாம சாப்ட்டுக்கினே இருந்தான்."

"அவன் பேக்ஹேண்டுக்குத்தான்டி அடிச்சேன்."

"நீ அடிக்க நெனச்சே. பந்து அவன் ஃபோர்ஹேண்டுக்குப் போச்சி. இடுப்பு ஒயரத்துக்கு, பூ மாதிரி. ஒரு பந்து ரெண்டு பந்து இல்ல, எல்லாமே. ஊட்ல யோசிச்சிப் பாரு, யாருக்கு அப்டிப் போட்டுப் பழகினேன்னு."

வீடு வரைக்கும் போகத் தேவையிருக்கவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

யாருக்கென்றால், தாளாளர் சீனுவாசனுக்கு.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் அவருடைய கல்லூரி இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஒரு வாரம் நடந்து பார்த்தார். நடப்பது யார் வேண்டுமானாலும் செய்கிற காரியமாக இருந்ததால் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கல்லூரிக்கு ஒரு டென்னிஸ் கோர்ட் வந்தது. செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, நாலு பக்கமும் வலை. டென்னிஸ் கோர்ட்டை வடக்கு தெற்காகப் போடுவார்கள், யார் கண்ணிலும் வெயில் அடிக்காது. இங்கே வாஸ்து பார்க்க வந்தவர் கிழக்கு மேற்காகப் போட்டால் கல்லூரிக்கு அட்மிஷன் பெருகும் என்றார். போட்டார்கள். அதனால் காலையில் சார் கிழக்கே நிற்பார், சாயங்காலம் மேற்கே நிற்பார். சூரியன் எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால்தான். எதிரில் நிற்பவன் கண்ணில் எப்போதும் வெயில். எதிரில் நிற்பதற்கென்றே விளையாட்டு ஒதுக்கீட்டில் டென்னிசுக்கு ஒரு சீட்டு உண்டு. இரண்டு வருஷமாக அந்தச் சீட்டு இனியவன்.

சேரும்போது அவன் நன்றாகத்தான் ஆடினான். அரசுப் பள்ளியில் படித்தபோது மாற்றலாகி வந்த ஒரு பி.இ.டி. மாஸ்டர் இரண்டு பழைய ராக்கெட்டோடு வந்திருந்தார். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது முடிப்பதற்குள் மாவட்ட அரையிறுதி வரைக்கும் போனவன். கல்லூரியில் முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சாரோடு ஆடினான். முதல் பந்தை மூலையில் வைத்தான். சார் அதைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"தம்பி, அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க சார்."

"அப்ப எதுக்கு அங்க அடிக்கிற? ஆள் இங்க நிக்கிறேன்ல. கையில குடு."

கையில குடு என்றால், பந்து அவருடைய வலது பக்கம், ஃபோர்ஹேண்டுக்கு, வரவேண்டும். இடுப்புக்கு மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. அவர் காலை நகர்த்த வேண்டிய அவசியம் ஏற்படக்கூடாது. காலை ஒன்றுக்கு இருநூறு பந்து. மழை நாள், ஞாயிறு, சார் மாலை போட்ட நாள் எல்லாம் போக இரண்டு வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பந்து இனியவன் கையில் குடுத்திருந்தான். ஒரே இடம், ஒரே உயரம், ஒரே வேகம். எந்தப் பயிற்சியாளரும் கும்பிடுகிற ஒழுக்கம். அதன் பலனாகச் சாருடைய ஃபோர்ஹேண்ட் அப்படியே இருந்தது. இனியவன் கைதான் தேர்ச்சி பெற்றது. இப்போது எதிரில் யார் நின்றாலும், இனியவனைக் கேட்காமல், அது பாட்டுக்குக் குடுத்தது.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. பெருமுக்கல் மலை தெரிகிற காலனி வீடு. அம்மா அம்சா அப்போதுதான் மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வந்திருந்தாள். காலையிலிருந்து வேர்க்கடலைச் செடியைப் பிடித்துக் காயைப் பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் மண் ஏறிக் கறுத்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் இரண்டு நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டாள். மடியில் கிடந்த கை மட்டும் தூங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத காயைப் பறித்துக்கொண்டிருந்தன. இனியவன் தினமும் பார்க்கிறதுதான். இன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை.

"எம்மா. கை ஆடுது பாரு."

அவள் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். "ஆடட்டும் உடு. அதுக்கு வேல முடிஞ்சது தெரியாது."

"இன்னிக்கு யாரு கொல்லையில வேல?"

"உங்க காலேஜ்காரரு கொல்லதான். டீ குடுத்தாங்க. டீ இன்னா டீ, வரப்புல வெச்சிட்டுத் தள்ளிப் போயி நின்னுக்கினாங்க. நாங்க போயி எடுத்துக்கினோம்."

"கையில குடுக்க மாட்டாங்களா?"

"எந்தக் காலத்துல குடுத்தாங்க? இன்னாடா புதுசா கேக்குற." அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இனியவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கல்லூரியில் ஓர் உள்விளையாட்டரங்கம் உண்டு. அதற்கு ஒரு சுவர் இருந்தது. மற்ற மூன்று சுவரும் கூரையும் மாணவர் சேர்க்கைக் கையேட்டில் வண்ணப் படமாக இருந்தன. அந்த ஒற்றைச் சுவருக்கு முன்னால் பளிங்கில் அடிக்கல், சுவருக்கு வலப்பக்கம் முழுக்கக் கருவேல முள். மறுநாள் சாயங்காலம் வகுப்பு விட்டதும் இனியவன் அங்கே போனான். செங்கல் துண்டால் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கோடு போட்டான். அதுதான் நெட். கோட்டுக்கு மேலே, வலது ஓரமாக, தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டான். அதற்கு இடப்பக்கம் நாலடி தள்ளி, சாருடைய ஃபோர்ஹேண்ட் இருக்கிற இடத்துக்கு நேராக, போகக்கூடாத இடம் என்று ஒரு பெருக்கல் குறி.

திட்டம் எளிமையானது. பேக்ஹேண்ட், அதாவது இடது பக்க அடி, குறுக்கே, வட்டத்துக்குள். தினம் முந்நூறு.

முதல் நாள் முந்நூறில் நாலு பந்து வட்டத்தில் பட்டது. இருநூற்றுச் சொச்சம் பெருக்கல் குறியில் பட்டது. தோளைத் திருப்புவான், வலது காலை முன்னே வைப்பான், ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோவான். எல்லாம் சரியாக இருக்கும். பந்தைத் தொடுகிற அந்தக் கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் மெத்தென்று இளகிவிடும். வாங்க சார், உக்காருங்க சார் என்கிற மாதிரி. இனியவன் கையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்தப் பக்கம் போன தமிழ்த்துறைப் பேராசிரியர் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து வேகமாக நடந்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நேராக அடித்தால் பந்து திரும்பக் கைக்கே வரும். சுவருக்கும் சார் வீட்டுப் பழக்கம். குறுக்கே அடித்தால் வராது, நேரே முள்ளுக்குள் போய் விழும். ஒவ்வொரு பந்துக்கும் முள்ளுக்குள் குனிந்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். இருந்தது பதினொரு பந்து. எல்லாம் சார் வேண்டாமென்று எறிந்த வழுக்கைப் பந்துகள்.

இரண்டாவது வாரம் சங்கவி வந்து நின்றாள். அவன் முழங்கையில் முள் கீறியிருந்த கோடுகளை எண்ணிப் பார்த்தாள்.

"எவ்ளோ?"

"முந்நூறுல அறுபது."

"நேத்து?"

"அறுபது."

"முந்தா நாளு?"

அவன் ராக்கெட்டைத் தரையில் அடித்தான். "அறுபதுதான்டி! சாயங்காலம் போட்டு அறுபது வருது. காலையில அந்தாளுக்கு இருநூறு குடுக்குறேன்ல, வந்த அறுபதும் போயிடுது. மறுநாள் மறுபடியும் மொதல்லேர்ந்து. பெரிய பேஜாருடி."

"காலையில போவாத."

"போவலன்னா சீட்டு போயிடும்."

சங்கவி வானத்தைப் பார்த்தாள். "அப்ப மழ வேண்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, முள்ளுக்குள் கிடந்த மூன்று பந்தைக் காலால் வெளியே தள்ளிவிட்டுப் போனாள்.

அவன் வேண்டிக்கொள்ளவில்லை. அது தானாக வந்தது. ஐப்பசி பாதியில் பிடித்த மழை விட்டுவிட்டு இருபத்து மூன்று நாள் பெய்தது. கோர்ட் நாற்று நடுகிற பதத்துக்கு வந்தது. சார் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருப்பதாகவும் அதில் மனம் நொந்துபோயிருப்பதாகவும் முருகையன் தெரிவித்தார். இருபத்து மூன்று காலைகள் இனியவன் யாருக்கும் எதையும் குடுக்கவில்லை.

சுவர் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. அவனும் நனைந்துகொண்டு நின்றான். தண்ணீர் குடித்த பந்து விளாங்காய் மாதிரி கனத்தது. அடிக்கும்போது தோள்பட்டை வரைக்கும் அதிர்ந்தது. செங்கல் வட்டம் மழையில் கரையும். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடி போடுவான். தொண்ணூறு. நூற்றுப் பத்து. நடுவில் ஒரு நாள் திரும்ப எழுபதுக்கு இறங்கியபோது ராக்கெட்டைத் தூக்கி முள்ளுக்குள்ளேயே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். காலையில் முதல் ஆளாக வந்து எடுத்தான். நூற்று எழுபது. இருநூற்றுப் பத்து. மணிக்கட்டு இளகுகிற அந்த நொடியில் அந்தக் கோகுலகிருஷ்ணனின் நன்றியை நினைத்துக்கொள்வான். நினைத்ததும் மணிக்கட்டு இறுகிவிடும். கோபத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் அவன் படித்ததில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவனை நினைக்காமலே இறுகியது. அன்றைக்கு இருநூற்று அறுபது.

மார்கழியில் கோர்ட் காய்ந்தது. சூரியன் கிளம்புகிற நேரத்தில் சார் கிழக்கே வந்து நின்றார். இனியவன் கண்ணில் வெயில். முதல் பந்து வந்தது. அவன் கையில் குடுக்கத்தான் நினைத்தான், சத்தியமாக. கை அதைச் செய்யவில்லை. பந்து குறுக்கே போய் சாருடைய இடது மூலையில் விழுந்து பின் வலையில் மோதியது.

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, மழையில கை துருப்புடிச்சிப் போச்சா?"

"சாரி சார்."

மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு குடுத்தான். ஒவ்வொன்றுக்கும் கையை வலுக்கட்டாயமாக இளக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் தானாக வந்தது இப்போது வலித்தது. அந்த வலியில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கூடவே ஒரு பயமும். இப்படியே இன்னும் ஒரு மாதம் காலையில் குடுத்தால் இந்தக் கை மறுபடி அவருடையதாகிவிடும்.

அன்றைக்கு மத்தியானம் முருகையன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு ஃபாரம் கிடந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு, பொங்கல் கழித்து, விழுப்புரத்தில். கல்லூரிக்கு ஓர் ஆண், ஒரு பெண். அடியில் தாளாளர் கையொப்பம் என்று ஒரு கோடு, காலியாக.

"சார் போடுவாரு" என்றார் முருகையன். "வெள்ளிக்கிழம ஸ்போர்ட்ஸ் டே. சார் ஒரு செட் ஆடறாரு, உன்கூட. மேட்ச் முடிஞ்சதும் அங்கியே கையெழுத்து. என் பொறுப்பு."

"எவ்ளோ சார்?"

ஸ்கோரைத்தான் கேட்டான். இந்தக் கல்லூரியில் ஸ்கோர் என்பது ஆட்டத்துக்கு முன்னால் வருவது.

"ஆறு–நாலு. உனக்கு முன்ன அந்த சீட்டுல இருந்த பையனுக்கு மூணுதான் குடுத்தாங்க. உனக்காகப் பேசி நாலு வாங்கியிருக்கேன்." முருகையன் குரலைத் தாழ்த்தினார். "ஆறு–பூஜ்யம்னா பாக்குறவன் சந்தேகப்படுவான்டா. அஞ்சு கேம்னா சாருக்கு மூச்சு வாங்கும். நாலுதான் கரெக்டு. தோக்குறதுன்னா அதுல ஒரு அழகு இருக்கணும்."

இனியவன் அந்தக் காலிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இது மூன்றாவது வருஷம். இந்தக் கோடு நிரம்பாவிட்டால் விழுப்புரம் இல்லை. விழுப்புரம் இல்லையென்றால் அவன் டென்னிஸ் வாழ்க்கையில் கடைசியாகக் கேட்ட வார்த்தை அந்த நன்றியாகத்தான் இருக்கும்.

"சரி சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷாமியானா, ஸ்பீக்கர், நானூறு மாணவர்கள், சிறப்பு விருந்தினராக ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. வந்தவர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அதன் கதகதப்பில் கண் அயர்ந்துவிட்டார். உயரமான நாற்காலியில் நடுவராக முருகையன். கோட்டைப் பார்க்கிற வேலைக்குக் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர் பச்சைமுத்து. கல்லூரியில் யாரும் செய்யாத வேலை எதுவானாலும் பச்சைமுத்து செய்வார். சார் மேற்கே நின்றார், முதுகில் சூரியன். பக்கம் மாறுகிற வழக்கம் இங்கே கிடையாது.

முதல் இரண்டு கேம் ஒப்பந்தப்படி போனது. இனியவன் குடுத்தான், சார் அடித்தார், கைதட்டினார்கள். இரண்டு–பூஜ்யம். மூன்றாவது கேம் இனியவனுக்கு என்று ஏற்பாடு. சார் சர்வ் போட்டார். பந்து மெதுவாக இடது பக்கம் வந்தது, பேக்ஹேண்டுக்கு வசதியாக. அந்த நேரத்தில் சார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கையில குடு தம்பி, கையில குடு!" என்றார்.

வரப்பில் வைத்த டீ இனியவன் கண்ணுக்கு முன்னால் வந்தது.

தோள் திரும்பியது. வலது கால் முன்னே போனது. பந்து நெட்டுக்கு மேலே அரையடி உயரத்தில் குறுக்கே பாய்ந்து, சாரின் இடது மூலையில், பின் கோட்டுக்கு அரையடி உள்ளே விழுந்தது. செம்மண்ணில் ஒரு வட்ட அச்சு. சார் அசையவில்லை. கை தவறிப் போன ஒன்றிரண்டைத் தவிர, அவர் எட்டாத இடத்துக்கு ஏழு வருஷமாக எந்தப் பந்தும் போனதில்லை. ஆகவே அவர் எட்டாத இடம் கோர்ட்டுக்கு வெளியேதான் இருக்க முடியும்.

"அவுட்" என்றார் சார், ரொம்ப இயல்பாக.

"அவுட்" என்றார் பச்சைமுத்து, அச்சைப் பார்த்துக்கொண்டே.

"அவுட்" என்றார் முருகையன்.

அடுத்த பந்து. அதே கால், அதே தோள், அதே மூலை. முதல் அச்சுக்கு மேலேயே இரண்டாவது அச்சு. "அவுட்." மூன்றாவது. "அவுட்." நாலாவதுக்கு முருகையன் நாற்காலியிலிருந்து குனிந்து, "டேய், இது உன் கேமுடா. உள்ள போடு, ஜல்தி" என்று பல்லிடுக்கில் சொன்னார். இனியவன் உள்ளேதான் போட்டான். அவுட்.

மூன்று–பூஜ்யம். கோபம் அவனுக்கு உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. கையில் மட்டும் அது இல்லை. கை மழையில் நனைந்த சுவரைப் பார்த்து அடிக்கிற மாதிரி நிதானமாக அடித்தது. தப்பான இடத்துக்கு ஒரே ஒரு பந்து போனால்கூட அவர்கள் சொல்வது மெய்யாகிவிடும். ஒன்றுகூடப் போகக்கூடாது.

நாலாவது கேமின் இரண்டாவது பந்து அவன் ராக்கெட்டை விட்டுக் கிளம்பியதுமே, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அவுட்டேய்!" சங்கவிதான். பந்து இன்னும் நெட்டைத் தாண்டவில்லை. கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு புரிந்துகொண்டது. அடுத்த பந்துக்கு ஐம்பது பேர் கத்தினார்கள். அதற்கடுத்ததற்கு நானூறு பேர்.

"அவுட்டேய்!"

சிறப்பு விருந்தினர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, என்ன ஏதென்று தெரியாமல் கைதட்டினார். சார் கையை உயர்த்திக் கூட்டத்துக்கு நன்றி தெரிவித்தார். கல்லூரி முழுக்க ஒரே மனதாக நியாயத்தின் பக்கம் நின்றது அவருக்கு நிறைவாக இருந்தது. பச்சைமுத்துவுக்கு மட்டும்தான் கஷ்டம். கத்துகிறவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே கத்தினார்கள். ஐந்தாவது கேமிலிருந்து அவர் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து அவுட் சொன்னார்.

ஆறு–பூஜ்யம். கடைசி நாலு கேமில் பதினாறு பந்து. பதினாறும் ஒரே இடம். மூலையில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, தோசை அகலத்துக்குத் தரை குழிந்திருந்தது. கோட்டில் ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை.

முருகையன் நாற்காலியிலிருந்து இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது. சார் ஸ்கோரைக் கேட்டார், சிரித்தார், மூச்சு வாங்கினார், பிறகு பெருந்தன்மையாக ஆனார்.

"பாவம்பா பையன். ஒரு கேமாச்சும் குடுத்திருக்கலாம் நான். இன்னா இன்னிக்கு இப்டி அவுட்டா அடிச்சித் தள்ளிட்ட? எங்க, அந்த ஃபாரத்தக் கொண்டாங்க."

பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஃபாரத்தை அந்தப் பெஞ்சின் மேலேயே வைத்தார். பறக்காமல் இருக்க ஒரு பந்தை எடுத்து அதன் மேல் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று, எடுத்துக்கோ என்பதுபோல் தலையாட்டினார்.

இனியவன் எடுக்கவில்லை. வலது கையை நீட்டினான்.

"கையில குடுங்க சார்."

முருகையனுக்கு இருமல் வந்தது. சார் புரியாமல் அந்தக் கையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். சுற்றி நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நீட்டியபடியே இருந்தது, வெளியே கீறலும் உள்ளே காய்ப்புமாக. இடுப்பு உயரத்தில், அவர் ஓர் அடிகூட நகரத் தேவையில்லாத இடத்தில்.

அவர் குனிந்து பந்தை நகர்த்தி, ஃபாரத்தை எடுத்து, அந்தக் கையில் குடுத்தார்.

"நாளைக்கி ஆறு மணிக்கு வந்துடு" என்றார், ஏதோ சொல்லவேண்டுமே என்று.

"வர மாட்டேன் சார். எனக்குப் பிராக்டிஸ் இருக்கு."

அவன் போன பிறகு முருகையன் கையைப் பிசைந்தார். "சார், பையன் கொஞ்சம்... சீட்ட வேணா..."

"விடுங்க முருகையன்" என்றார் சார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆறு–பூஜ்யம்னா யாருக்கும் வருத்தமாத்தான் இருக்கும்."

பொங்கல் கழித்து விழுப்புரம். அதே கோர்ட். மண்டலத்தில் ஜெயித்தவன் என்பதால் தேர்வுக்கு வந்த ஒவ்வொருவரும் கோகுலகிருஷ்ணனோடு ஒரு செட் ஆடவேண்டும் என்று வைத்திருந்தார்கள். இனியவனைப் பார்த்ததும் அவன் முகம் பழையபடி மலர்ந்தது.

"ப்ரோ, நீங்களா! சூப்பர்."

இனியவன் ராக்கெட்டை உறையிலிருந்து எடுத்தான். போய் நின்றான். இங்கே கோர்ட் வடக்கு தெற்கு. கண்ணில் வெயில் இல்லை, அதுவே வித்தியாசமாக இருந்தது. கோகுலகிருஷ்ணன் சர்வ் போட்டான். வேகமாக, நடுக்கோட்டை ஒட்டி, பேக்ஹேண்டுக்கு வந்தது. போட்டுவிட்டு ஃபோர்ஹேண்டுக்குத் தயாராக, வலது கையைப் பின்னால் இழுத்தபடி, வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டான்.

தோள். வலது கால். மூலை.

கோகுலகிருஷ்ணன் பாதி திரும்பி நின்றான். பந்து அவனுக்குப் பின்னால் வலையில் மோதிக் கீழே விழுந்து உருண்டது.

இனியவன் அடித்த இடத்திலேயே நின்று, அவுட் என்கிற அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். தாடை இறுகியிருந்தது. சண்டைக்குத் தயாராக இருந்தான். உள்ளே விழுந்தது என்று சொல்ல வார்த்தைகூடத் தயாராக இருந்தது.

"லவ்–ஃபிஃப்டீன்" என்றார் நடுவர்.

அவன் நகரவில்லை.

"தம்பி, உங்க பாயிண்ட்தான். அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"உள்ளயாங்க?"

"உள்ளதாம்பா. அச்சு தெரியுதே, அரையடி உள்ள." நடுவர் ஏதோ எழுதிக்கொண்டார். "ஏன், உனக்கே சந்தேகமா?"

"இல்லீங்க" என்றான் இனியவன். "இதுக்கு முன்ன பதினாறும் உள்ளதாங்க."

நடுவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இது ஆட்டத்தின் முதல் பந்து. இனியவன் இடது பக்கம் போய், ராக்கெட்டை ஒரு தடவை சுழற்றிப் பிடித்து, அடுத்த சர்வுக்குக் குனிந்து நின்றான். எதிரே கோகுலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. பின் கோட்டில் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.